பள்ளி ஆசிரியர் ஊதியமும் அதன் ஒப்பீட்டு அளவுகோல்களும் (1822 – 2022)

கல்விக்குப் பொருள் கொடுத்தல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. ஆசிரியர்க்கு உற்றவிடத்து உதவுதலோடு மிகுந்த பொருள் கொடுத்தலையும் கற்கும் வழியாகப் புறநானூற்றின் 183ஆம் பாடல் கொள்கிறது. பாடம் கேட்டற்கு உரியோரை வகுக்கும் நன்னூற் பொதுப்பாயிரம் பொருளை மிகுதியாகக் கொடுப்போனையும் அவருள் ஒருவனாக எண்ணுகிறது. ஆயினும் 'எவ்வளவு' என்னும் வினாவை இவை எழுப்பவில்லை. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் வகுத்த நிவந்தத்தைக் கூறுமிடத்து இன்ன ஆசிரியருக்கு இத்துணை நெல், இத்துணைப் பொன் என்னும் கணக்கு காணப்படுகிறது. அஃது அறக்கட்டளையின் கணக்கு. பிற தொழில்களின் வருவாயோடு வைத்து எண்ணப்பட்டதன்று.

ஆசிரியர் ஊதியம் பிற பணிகளின் ஊதியத்தோடு போட்டியிடத் தக்கதா என்னும் வினா, அரசு தன் கருவூலத்திலிருந்து பள்ளி ஆசிரியர்க்கு ஊதியம் வழங்கக் கருதிய பின்னரே பொருளுடையதாகிறது. சென்னை மாகாணத்தில் அக்காலம் 1822இல் தொடங்குகிறது. அன்று முதல் இன்றுவரை ஊதியத் தொகை பன்முறை மாறியுள்ளது. எனினும் இவ்வரலாற்றில் தொகையைக் காட்டிலும் கருதத்தக்கது, அத்தொகையை ஆள்வோர் எதனோடு ஒப்பிட்டனர் என்பதே. எந்த அளவுகோலை எடுத்தால் கொடுப்பது போதுமானதாகத் தோன்றுமோ அந்த அளவுகோலே பெரும்பாலும் எடுக்கப்பட்டுள்ளது.

மன்றோவின் கணக்கு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் எழுதிய குறிப்பின்வழி, மாகாணத்துப் பள்ளிகளின் நிலையைத் தெரிவிக்குமாறு கலெக்டர்கள் பணிக்கப்பட்டனர். அவர்கள் அனுப்பிய அறிக்கைகளைத் தொகுத்து 1826 மார்ச் 10இல் அவர் எழுதிய குறிப்பு பெரிதும் அறியப்பட்டது. மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவரும் இருந்தனர் என்னும் அதன் கூற்று, காலனியத்துக்கு முற்பட்ட கல்வியின் பரப்பைப் பற்றிய விவாதங்களில் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. அதே குறிப்பில் ஆசிரியர் வருவாய் பற்றிய பகுதி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

மாணவர் ஒருவர் மாதந்தோறும் கொடுப்பது நான்கு அணா முதல் ஆறு அல்லது எட்டு அணா வரை எனவும், ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை எனவும் மன்றோ குறிக்கிறார். தகுதியுடையோரை இத்தொழிலுக்கு ஈர்க்க இத்தொகை போதாது என்பது அவர் முடிவு. அவர் தரும் எண்களைக் கொண்டே இதனைச் சரிபார்க்கலாம். பள்ளி ஒன்றுக்குச் சராசரியாகப் பதினைந்து மாணவர். ஒவ்வொருவரும் நான்கு அணா கொடுத்தால் மாத வருவாய் மூன்றே முக்கால் ரூபாய். எட்டணாவாயின் ஏழரை ரூபாய். ஆகவே ஆறு ஏழு ரூபாய் என்பது நிலையான வருவாயன்று. நல்ல பள்ளியொன்றின் நல்ல மாதத்து வருவாய் என்றே கொள்ளல் வேண்டும். நெல்லாகவும் காய்கறியாகவும் விழாக்காலக் கொடையாகவும் வந்தவை இக்கணக்கில் இல்லை. திண்ணைப் பள்ளி ஆசிரியர் பலர் அவற்றையே நம்பியிருந்தனர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பிக்கும் முறை கூலியின்றி உதவியாள் பெறும் வழியாகவும் அமைந்தது.

மன்றோ முன்வைத்த திட்டம் இது: ஒவ்வொரு கலெக்டர் எல்லையிலும் இந்துக்களுக்கு ஒன்றும் முகம்மதியர்க்கு ஒன்றுமாக இரண்டு தலைமைப் பள்ளிகள், ஒவ்வொரு தாசில்தார் எல்லையிலும் ஒரு பள்ளி. தலைமைப் பள்ளி ஆசிரியர்க்கு மாதம் 15 ரூபாய், தாசில்தாரிப் பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாய். நாற்பது தலைமைப் பள்ளிகளுக்கும் முந்நூறு தாசில்தாரிப் பள்ளிகளுக்கும், சென்னைப் பள்ளி நூற் கழகத்துக்குரிய 700 ரூபாய்க்குமாக மாதம் 4,000 ரூபாய், ஆண்டுக்கு 48,000 ரூபாய் தேவை எனக் கணக்கிட்டார்.

ஒன்பது ரூபாய் குறைவாகத் தோன்றலாம் என்பதை மன்றோ உணர்ந்தேயிருந்தார். அரசு தரும் ஒன்பதோடு மாணவரிடமிருந்தும் அவ்வளவேனும் ஆசிரியர் பெறுவார். அனைத்தையும் எண்ணினால் அவர் நிலை ஸ்காட்லாந்தின் கோயிற்பற்றுப் பள்ளி ஆசிரியர் நிலையினும் மேலானதாகவே இருக்கக்கூடும் என்று அவர் விடையிறுத்தார். மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். தாய்நாட்டின் எளிய பள்ளி ஆசிரியர் அவர் நினைவுக்கு வந்தது இயல்பே. ஆனால் கடப்பையிலோ தஞ்சையிலோ எழுத்தும் கணக்கும் அறிந்த ஒருவன், ஸ்காட்லாந்து ஆசிரியரின் நிலையைக் கருதித் தன் தொழிலைத் தெரிவதில்லை. தாசில்தாரின் கச்சேரியில் எழுத்துவேலை கிடைக்குமா, வணிகரிடம் கணக்கெழுதலாமா என்பவையே அவன்முன் இருந்த மாற்றுவழிகள். தகுதியுடையோர் வாராமைக்கு ஊதியக் குறைவே காரணம் எனத் தெளிவாகக் கண்ட அதே குறிப்பு, தீர்வு கூறுமிடத்துத் தொலைநாட்டு அளவுகோல் ஒன்றைக் கைக்கொண்டது.

மன்றோ 1827 ஜூலையில் மறைந்தார். இயக்குநர் அவை 1828இல் திட்டத்துக்கு இசைந்தது. பள்ளிகள் சில தொடங்கப்பட்டன; 1836இல் அவை கைவிடப்பட்டன.

தேர்ச்சிக்கேற்ற கூலி

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை உதவிநிதி முறையைப் புகுத்தியது. அதன் வழிவந்த முறைகளுள் சென்னை மாகாணத்தின் தொடக்கப் பள்ளிகளைப் பெரிதும் பாதித்தது, மாணவர் தேர்ச்சியை அளந்து நிதி வழங்கும் முறையாகும். ஆய்வாளர் வரும் நாளில் எத்தனை சிறுவர் படித்தும் எழுதியும் கணக்கிட்டும் காட்டினரோ அதற்கேற்பவே பள்ளிக்குப் பணம் கிடைத்தது. மழைக்காலமோ அம்மையோ அறுவடையோ மாணவர் வருகையைக் குறைத்தால் ஆசிரியரின் ஆண்டு வருவாயும் குறைந்தது. 1882இல் அமைந்த ஹண்டர் ஆணைக்குழு தொடக்கக் கல்விக்கு இம்முறையைப் பெரிதும் ஏற்றுக்கொண்டது. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானமே இதற்கு எதிராக நின்றது. இங்கு ஆசிரியர் பிற பணியாளரோடு ஒப்பிடப்படவேயில்லை. அவர் துண்டுவேலை செய்யும் கைவினைஞராகவே கருதப்பட்டார்.

1913 பிப்ரவரி 21ஆம் நாளிட்ட இந்திய அரசின் தீர்மானம், பயிற்சி பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு மாதம் 12 ரூபாய்க்குக் குறையாமல் வழங்கவேண்டும் என்றது. படிநிலை ஊதியம் வேண்டும், ஓய்வூதியமோ சேமநிதியோ வேண்டும் என்றும் அது கூறியது. மன்றோ மறைந்து எண்பத்தாறு ஆண்டுகள் கடந்த பின்னரும் தாசில்தாரிப் பள்ளியின் ஒன்பது ரூபாயினும் மூன்று ரூபாய் மட்டுமே கூடுதலான தொகையொன்று குறைந்தபட்சக் குறிக்கோளாக முன்வைக்கப்பட்டது.

தமிழாசிரியர் நிலையை அறிய இருவர் வரலாறு உதவும். உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தியாகராச செட்டியாரின் இடத்தில் அமர்ந்தபோது ஊதியம் 50 ரூபாய். சுப்பிரமணிய பாரதி 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சில மாதங்கள் பணியாற்றியபோது பெற்றது மாதம் பதினேழரை ரூபாய். ஒன்று கல்லூரி, மற்றொன்று பள்ளி. ஒன்று நிலையான பணி, மற்றொன்று விடுப்புக்கால இடம். ஆகவே இரண்டையும் நேரே ஒப்பிடல் பொருந்தாது. எனினும் அவ்வாண்டு நவம்பரில் பாரதி சென்னைக்குச் சென்று சுதேசமித்திரனில் சேர்ந்ததை இத்தொழிலின் வரலாற்றிலும் ஒரு செய்தியாகக் கொள்ளலாம். எழுத்தறிவுடைய தமிழருக்கு அச்சுத்தொழில் திறந்துவிட்ட வழியோடு பள்ளி போட்டியிட வேண்டிய காலம் வந்துவிட்டது. பட்டம் பெற்ற இளைஞர் வழக்கறிஞர் தேர்வுக்கோ அரசுப் பணிக்கோ காத்திருக்கும் இடைக்காலத்தில் பள்ளியில் கற்பிப்பதும் அக்காலத்தில் பொதுவழக்காயிற்று.

கடைநிலை ஊழியரும் ஆசிரியரும்

போருக்குப் பிந்தைய கல்வி வளர்ச்சி பற்றிய 1944ஆம் ஆண்டின் சார்ஜண்ட் அறிக்கை, தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு 30 ரூபாயில் தொடங்கி 50 ரூபாயில் முடியும் ஊதிய விகிதத்தைப் பரிந்துரைத்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1947இல், முதலாவது மைய ஊதியக் குழு அரசு அலுவலகத்தின் கடைநிலை ஊழியர்க்கு அடிப்படை ஊதியம் 30 ரூபாய், அகவிலைப்படி 25 ரூபாய், ஆக 55 ரூபாய் என வரையறுத்தது. கல்வி அறிக்கை ஆசிரியருக்குக் குறிக்கோளாகக் கண்ட தொடக்க ஊதியமும், ஊதியக் குழு கோப்புச் சுமக்கும் ஊழியருக்கு நடைமுறைப்படுத்திய தொடக்க ஊதியமும் ஒன்றாயின.

இதன் விளைவைக் கோத்தாரி கல்விக் குழுவின் (1964–66) அட்டவணை காட்டுகிறது. 1950–51இல் இந்தியாவில் கீழ்த் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் சராசரி ஆண்டு ஊதியம் 545 ரூபாய். மைய அரசின் கடைநிலை ஊழியர் 1947 முதலே ஆண்டுக்கு 660 ரூபாய் பெறத் தொடங்கியிருந்தார். ஒருவரது எண் நாட்டுச் சராசரி. மற்றவரதோ ஊதியத்தின் கீழெல்லை. அச்சராசரி இக்கீழெல்லையையும் எட்டவில்லை.

1965–66இல் கீழ்த் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் சராசரி 1,046 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் அப்பதினைந்து ஆண்டுகளில் விலைவாசி 65 விழுக்காடு ஏறிவிட்டதால், 1950–51இன் விலையில் அது 634 ரூபாயே ஆகும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவரது ஊதியம் 1,258இலிருந்து 1,959 ரூபாயாக ஏறியதுபோல் தோன்றினும், பழைய விலையில் 1,187 ரூபாயாகக் குறைந்துவிட்டது. பல்கலைக்கழகத் துறை ஆசிரியரின் சராசரியோ 3,759இலிருந்து 6,500 ரூபாயாக உயர்ந்தது. பழைய விலையிலும் அது சிறிது ஏற்றமே. ஆசிரியர் என்னும் ஒரே சொல்லால் வழங்கப்படுவோர்க்கிடையே ஆறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு நின்றது. பயிற்சி பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு 125 ரூபாயும் ஐந்தாண்டுகளில் 150 ரூபாயும், பயிற்சி பெற்ற பட்டதாரிக்கு 220 ரூபாயும் தொடக்க ஊதியமாகக் கோத்தாரி குழு பரிந்துரைத்தது. அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என நிர்வாகத்துக்கேற்ப ஊதியம் வேறுபடுதல் ஒழியவேண்டும் என்னும் அதன் கருத்து அத்தொகைகளினும் நிலைத்த பயனுடையது.

அக்கருத்துக்குச் சென்னை மாநிலம் முன்னரே ஒருவாறு வழிகாட்டியிருந்தது. காமராசர் முதல்வராக இருந்த 1955இல் சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் இணைத்த முப்பயன் திட்டம் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதற் திட்டம். 1981 ஜூன் முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராக்கப்பட்டனர். 1988ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தை அடுத்து, 1989இல் அமைந்த அரசு மைய அரசுக்கு இணையான ஊதியத்தை 1988 ஜூன் முதல் வழங்க இசைந்தது. ஆசிரியர் ஊதியம் உயர்ந்தது கற்பித்தலின் மதிப்பை அளந்தறிந்ததால் அன்று. ஆசிரியர் அரசு ஊழியர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டதால் என்பதை இந்நிகழ்ச்சிகள் புலப்படுத்துகின்றன.

1996ஆம் ஆண்டு முதற்கொண்டு கணக்கிடப்பட்ட ஊதிய விகிதங்களில் இம்மாற்றத்தின் உச்சத்தைக் காணலாம். மைய அரசிலும் தமிழ்நாட்டிலும் கடைநிலை ஊழியரின் தொடக்க ஊதியம் 2,550 ரூபாய். தொடக்கப்பள்ளி ஆசிரியரின் தொடக்க ஊதியம் 4,500 ரூபாய். 1947இல் ஒன்றுக்கு ஒன்றாக இருந்த விகிதம் ஒன்றே முக்காலாயிற்று.

ஒரே வகுப்பறை, இரண்டு ஊதியங்கள்

இவ்வுயர்வு நிலைபெறுமுன்னரே அதனைச் சுற்றிச் செல்லும் வழிகள் தோன்றிவிட்டன. மத்தியப் பிரதேசத்தில் சிக்ஷா கர்மி, குசராத்தில் வித்யா சகாயக், உத்தரப் பிரதேசத்தில் சிக்ஷா மித்ரா எனப் பெயர்கள் வேறுபட்டன. நிலையான ஊதிய விகிதத்துக்குப் புறத்தே குறைந்த தொகைக்கு ஆசிரியரை அமர்த்தும் நோக்கம் ஒன்றே. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்தோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஒரு இலட்சத்து எழுபதாயிரம் அளவினர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் அரசு ஊழியரின் உரிமையன்று என ஆகஸ்டு 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர்ப் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர்.

அக்காலத்தில் புதிதாக அமர்த்தப்பட்ட ஆசிரியர்க்குத் தொகுப்பூதியமே வழங்கப்பட்டது: இடைநிலை ஆசிரியர்க்கு 3,000, பட்டதாரி ஆசிரியர்க்கு 4,000, முதுகலை ஆசிரியர்க்கு 4,500 ரூபாய். அகவிலைப்படி இல்லை. அதே பள்ளியின் கடைநிலை ஊழியர் 2,550 ரூபாயோடு அகவிலைப்படியும் சேர்த்துப் பெற்றது இடைநிலை ஆசிரியர் பெற்றதினும் மிகுதி. 2006 ஜூனில் இவர்கள் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டனர்.

ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. மைய அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியரை 9,300 ரூபாய் தொடக்கமும் 4,200 ரூபாய் தர ஊதியமும் உடைய நிலையில் வைத்தது. தமிழ்நாடு இடைநிலை ஆசிரியரை 5,200 ரூபாயும் 2,800 ரூபாய் தர ஊதியமும் உடைய நிலையில் வைத்தது. 1988 முதல் போராடிப் பெற்ற இணைநிலை இப்பணியிடத்தைப் பொறுத்தவரை அத்துடன் முறிந்தது. மேலும், 2009 ஜூன் 1க்கு முன்னர்ச் சேர்ந்தோரின் பழைய 4,500 ரூபாய் 1.86ஆல் பெருக்கப்பட்டு 8,370 ரூபாயாயிற்று. அந்நாள் முதல் சேர்ந்தோர் 5,200 ரூபாயிலேயே தொடங்கினர். தகுதி, பணி, வகுப்பு யாவும் ஒன்று. அடிப்படையில் வேறுபாடு 3,170 ரூபாய். ஒரு நாள் முன்பின்னாகப் பணியேற்றமை ஆயுள் முழுதும் தொடரும் ஊதிய வேறுபாடாயிற்று. பின்னர்த் தனி ஊதியம் என்னும் பெயரில் ஒரு தொகை சேர்க்கப்பட்டதேயன்றி அடிப்படை திருத்தப்படவில்லை. 2018, 2022 ஆண்டிறுதிகளில் சென்னைக் கல்வி வளாகத்தில் நிகழ்ந்த உண்ணாநிலைப் போராட்டங்கள் இதுபற்றியவையே.

முன்னர்க் கண்ட கடைநிலை அளவுகோலை மீண்டும் வைத்து நோக்கலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி மைய அரசின் மிகக் குறைந்த அடிப்படை 18,000 ரூபாய். தொடக்கப்பள்ளி ஆசிரியருடையது 35,400 ரூபாய். விகிதம் ஏறத்தாழ இரண்டு. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மிகக் குறைந்த அடிப்படை 15,700 ரூபாய். இடைநிலை ஆசிரியருடையது 20,600 ரூபாய். விகிதம் 1.31. தில்லியில் தமிழ்க் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தமிழாசிரியரை எண்ணினால் இவ்வேறுபாடு தெளிவாகும். 1973ஆம் ஆண்டின் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஏற்பளிக்கப்பட்ட தனியார் பள்ளி ஆசிரியரின் ஊதியமும் அரசுப் பள்ளி ஆசிரியருடையதற்குக் குறையலாகாது என்கிறது. அப்பிரிவு நடைமுறையில் மீறப்படுதலும் உண்டு. எனினும் சட்டப்படி, தில்லியில் தொடக்க வகுப்புக்குக் கற்பிக்கும் ஆசிரியரின் தொடக்க ஊதியம் திருநெல்வேலியின் இடைநிலை ஆசிரியருடையதைவிட 14,800 ரூபாய் மிகுதியாகும்.

இவ்விடத்து மறுப்பொன்று எழுதல் கூடும். அரசுப் பள்ளி ஊதியம் குறைவாயின் அப்பணிக்கு இத்துணைப் பேர் முந்துவானேன்? 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர் 2,448 பேர். தனியார் பள்ளிகள் பலவற்றில் கிடைக்கும் ஊதியத்தோடு ஒப்பிட அரசுப் பணி பெரும்பேறே என்பதில் ஐயமில்லை. ஆயின், வரிசை நீளமானது என்பது வேறு. அவ்வரிசையில் நிற்போர் வேறு வழியிருந்தும் இதனைத் தெரிந்தனர் என்பது வேறு. மன்றோ காலத்திலும் பன்னீராயிரம் பேர் பள்ளி நடத்தத்தான் செய்தனர். ஆட்கள் இல்லை என அவர் கூறவில்லை. தகுதியுடையோரை ஈர்க்கவில்லை என்றே கூறினார். பிற்கால அரசுகள் அவ்வரிசையைக் கண்டு ஊதியத்தைக் குறைக்கலாம் என்னும் முடிவுக்கே வந்தன.

நீதிமன்றங்களின் நிலையும் ஒருமுகமானதன்று. பஞ்சாப் மாநிலத் தற்காலிக ஊழியர் வழக்கில் 2016 அக்டோபரில், ஒரே பணி செய்வோர்க்கு ஒரே ஊதியம் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பீகாரின் நியோஜித் ஆசிரியர் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேரும் நிலையான ஆசிரியர்க்கு இணையான ஊதியம் கோரியபோது, 2019 மே 10இல் அதே நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. பெருந்தொகையினர்க்கு ஆசிரியரை அமர்த்தவேண்டிய மாநிலத்தின் நிதிநிலை அங்கே கருதப்பட்டது. சிலருக்கு உரிமையாவது பலருக்குச் சுமையாகிவிடுகிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் எங்கும் பலர் என்பதே அவர்கள் ஊதியத்துக்கு நேர்ந்த பெருந்தடை.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு ஜூனில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே தற்காலிகமாக நிரப்ப ஆணையிடப்பட்டது. வகுக்கப்பட்ட மதிப்பூதியம் இடைநிலை ஆசிரியர்க்கு 7,500, பட்டதாரி ஆசிரியர்க்கு 10,000, முதுகலை ஆசிரியர்க்கு 12,000 ரூபாய். நிலையான இடைநிலை ஆசிரியரின் அடிப்படையில் இஃது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தாசில்தாரிப் பள்ளி ஆசிரியர் அரசின் ஒன்பது ரூபாயோடு மாணவரிடமிருந்தும் ஒன்பது பெறுவார் என மன்றோ எதிர்பார்த்தார். கட்டணமில்லாக் கல்வி சட்டமாகிவிட்ட காலத்து அரசுப் பள்ளியில் அந்த இரண்டாவது ஒன்பதுக்கு இடமில்லை.